கறுப்பு வயரும் கடல் கடந்த பறையும்

(மூன்றாமாண்டு, மின் மற்றும் மின்னணுவியல்)



"லண்டன் போயிட்டு வந்தியே, என்ன பார்த்தே?" என்று என்னைக் கேட்காத ஆள் நம் பாலிடெக்னிக்கில் இல்லை. கேண்டீன் அண்ணாச்சிகூட டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். லண்டனை நான் பார்க்கவே இல்லை! விமானம் இறங்கியது ஹீத்ரோவில். அங்கிருந்து வேனில் ஏற்றி, சுமார் இரண்டு மணி நேரம் வடக்கே ஓட்டி, நார்தாம்ப்டன்ஷயர் என்ற மாவட்டத்தில் ஒரு புல்வெளியில் இறக்கிவிட்டார்கள். அந்தப் புல்வெளியில் கூடாரம் அடித்து மூன்று இரவு படுத்தோம். மழையில் நனைந்தோம். பிறகு அதே வேனில் ஏறி ஊருக்குத் திரும்பினோம். பெரிய கடிகாரமும் இல்லை, தேம்ஸ் நதியும் இல்லை. ஆகவே லண்டன் கதை எதிர்பார்ப்பவர்கள் அடுத்த கட்டுரைக்குப் போய்விடலாம்.

நாங்கள் போனது கிரீன்பெல்ட் என்ற விழாவுக்கு. கிறிஸ்தவர்கள் நடத்தும் கலை, இசை விழா அது. நற்செய்திக் கூட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். பாட்டு உண்டு, நாடகம் உண்டு, ஓவியம் உண்டு, அரசியல் பேச்சு உண்டு, சண்டை போடுகிற மாதிரி விவாதம்கூட உண்டு. 1974-ல் சஃபோக் மாவட்டத்தில் சார்ஸ்ஃபீல்டு என்ற கிராமத்தில் ஒரு பன்றிப் பண்ணையில் தொடங்கியிருக்கிறார்கள். பிறகு ஊர் ஊராக இடம் மாறி, 1999 முதல் 2013 வரை செல்ட்டன்ஹாம் குதிரைப் பந்தய மைதானத்தில் நடத்தி, 2014-ல் பவுட்டன் ஹவுஸ் என்ற பெரிய பிரபு வீட்டுத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். 1981-ல் யூ-டூ என்ற அயர்லாந்து குழு, அறிவிப்பே இல்லாமல் திடீரென்று வந்து இந்த மேடையில் வாசித்ததாம். அதை அங்கே வயதானவர்கள் இன்றைக்கும், நம்மூரில் எம்.ஜி.ஆர். வந்து போனதைச் சொல்வது போலச் சொல்கிறார்கள். நான் போனது 2024-ல், ஆகஸ்ட் 22 முதல் 25 வரை.

பாடத் தெரியாத நான் எப்படிப் போனேன்? எங்கள் பக்கத்துச் சபைகளின் வாலிபர்கள் சேர்ந்து ஒரு கலைக்குழு வைத்திருக்கிறார்கள். அவர்களோடு பல வருடமாக நட்பு வைத்திருக்கும் ஓர் ஆங்கிலேயச் சபை, "ஒன்பது பேர் வாருங்கள், விமானச் செலவு எங்களுடையது" என்று எழுதியது. பாட ஆறு பேர், பறை அடிக்க இரண்டு பேர். ஒன்பதாவது ஆள், மைக்கும் வயரும் பார்த்துக்கொள்ள நான். குழுவை நடத்தும் அக்கா என்னைக் கூப்பிட்டு, "நீதான் எலக்ட்ரிகல் படிக்கியே, வா" என்றார். இவ்வளவுதான் இன்டர்வியூ!

பாஸ்போர்ட், போலீஸ் விசாரணை, சென்னைக்குப் போய் பத்து விரல் ரேகை கொடுத்தது, பத்து நாள் அட்டெண்டன்ஸுக்காக ஹெச்.ஓ.டி. சார் அறை வாசலில் நின்றது - இதெல்லாம் எழுதினால் மலர்க்குழு இரண்டு பக்கம் கூடுதலாகத் தர வேண்டும். அம்மா சுய உதவிக் குழுவில் கடன் வாங்கி எனக்கு ஷூவும் ஸ்வெட்டரும் எடுத்துக் கொடுத்தார் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் விமானத்தைக் கிட்டப் பார்த்தவர்கூடக் கிடையாது.

ஆனால் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பு பயணமே நின்றுபோகும் அளவுக்கு ஒரு பிரச்சினை வந்தது. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பிரச்சினை பறைதான். எங்கள் சபைப் பெரியவர்கள் சிலர், "வெள்ளக்காரன் முன்னாடி சாவுக்கு அடிக்கிறதைக் கொண்டுபோயா அடிப்பிய? கீபோர்டு இருக்கு, கிட்டார் இருக்கு, நாலு இங்கிலீஷ் பாட்டு பழகிட்டுப் போங்க" என்றார்கள். அக்கா விடவில்லை. "இங்கிலீஷ் பாட்டு அவங்ககிட்டயே இருக்கே, நாம எதுக்கு எட்டாயிரம் கிலோமீட்டர் போய் அதையே பாடணும்?" என்று கேட்டார். மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு (1940-2005) என்பவரைப் பற்றி அப்போதுதான் கேள்விப்பட்டேன். 'பறட்டை அண்ணன்' என்று அவரைச் சொல்வார்களாம். கர்நாடக ராகக் கீர்த்தனையும் ஆர்கனும் மட்டும்தான் கோயிலுக்குள் வரலாம் என்றிருந்த நிலையில், நாட்டுப்புற மெட்டையும் பறையையும் ஆராதனைக்குள் கொண்டுவந்தவர் அவர். எங்கள் குழு பாடுகிற பாட்டுகள் அந்த வழியில் வந்தவைதான்.

இது புதிய சண்டையும் இல்லை. 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதி வேறுபாடு அடியோடு ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது, தஞ்சாவூர்ப் பக்கம் பலர் சபையை விட்டே விலகினார்கள். பைபிளை விடலாம், சாதியை விட முடியாது! அந்தச் சுற்றறிக்கைக்கு இப்போது ஏறக்குறைய 190 வயது. எங்கள் ஊரில் அது இன்னும் வந்து சேரவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

எனக்கு இதில் தனியாக ஒரு சங்கடம் இருந்தது. என் தாத்தா பறை அடித்தவர். சாவு சொல்லப் போவார், சாவுக்கு அடிப்பார், கூலியாகப் பழைய சோறும் கொஞ்சம் நெல்லும் கொடுப்பார்களாம். சபையில் சேர்ந்ததும் பறையைக் கீழே வைத்துவிட்டார். அப்பா அதைத் தொடவே இல்லை. அவர் ஒரு மைக் செட் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். குழாய் கட்டுவார், பனை மரத்தில் ஏறுவார், திருவிழாவில் விடிய விடிய ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் படுத்திருப்பார். அவர் வலது உள்ளங்கையில் ஷாக் அடித்துக் கருகிய தழும்பு இன்றும் உண்டு. தாத்தா கையில் தோல், அப்பா கையில் வயர், என் கையில் மல்டிமீட்டர். மூன்று தலைமுறையும் சத்தத்தை வைத்தே பிழைக்கிறோம்!

குழுவோடு பறை வருகிறது என்று அப்பாவிடம் சொன்னபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. "நாங்க கீழ வச்சதை நீங்க ஏம்ல தூக்குதீய?" என்று மட்டும் கேட்டார். போகாதே என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஸ்டேஷனுக்கு வழியனுப்ப வந்தபோதும் பெட்ஷீட்டில் சுற்றி வைத்திருந்த இரண்டு பறைகளையும் அவர் பார்க்கவே இல்லை.

இனி விழாவுக்கு வருவோம். பவுட்டன் ஹவுஸ் தோட்டம் நம் கேம்பஸ் மாதிரி ஐம்பது கேம்பஸ் கொள்ளும். அங்கே ஓர் அதிசயம், ஏழு மீட்டர் ஆழத்துக்குத் தலைகீழாகத் தோண்டிய பிரமிடு! 2009-ல் கிம் வில்கி என்ற நிலவடிவமைப்பாளர் அமைத்தது. பக்கத்தில் பழைய காலத்து மண்மேடு எவ்வளவு உயரமோ அதே அளவு பள்ளம். நான்கு பக்கமும் புல் சரிவு, அடியில் சதுரமாகத் தண்ணீர். 'ஆர்ஃபியஸ்' என்று பெயர். இசையால் பாதாளத்துக்குள் போனவன் கதையாம். சிவில் மாணவர்கள் பார்த்தால் சரிவு எப்படி நிற்கிறது என்று கேட்டே ஒரு நாள் கழித்துவிடுவார்கள்.

எங்களைத் திகைக்க வைத்தது வேறொன்று. ஒரு பெரிய கூடாரத்தின் பலகையில் 'ஜீசஸ் ஆர்ம்ஸ்' என்று எழுதியிருந்தது. ஏதோ ஜெபக்கூடாரம் என்று எங்கள் குழுவின் தங்கச்சி ஒருத்தி உள்ளே போய், போன வேகத்தில் வெளியே வந்தாள். பீர்க் கடை! அங்கே மதுக்கடைகளுக்கு அந்தந்த ஊர்ப் பிரபு குடும்பத்தின் சின்னத்தை வைத்து 'இன்னார் ஆர்ம்ஸ்' என்று பெயர் வைப்பது வழக்கமாம். அதே சொல்லுக்குக் கரங்கள் என்றும் பொருள். அந்தச் சிலேடையில்தான் அவர்கள் சிரிக்கிறார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. இதுபோக 'பீரும் பாமாலையும்' என்றே ஒரு நிகழ்ச்சி. கையில் கோப்பையை வைத்துக்கொண்டு பழைய பாமாலைகளை நூற்றுக்கணக்கானவர்கள் தொண்டை கிழியப் பாடுகிறார்கள். குடியால் அழிந்த வீடுகளை எங்கள் தெருவில் எண்ணிக் காட்ட என்னால் முடியும். அதனால் அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பாட்டு நன்றாக இருந்தது. பிடிக்காததிலும் நன்றாக இருப்பது உண்டு, என்ன செய்வது?

கூட்டத்தில் பெரும்பாலும் வெள்ளையர்கள். தலை நரைத்தவர்கள் அதிகம், குடும்பத்தோடு வந்தவர்களும் உண்டு. இங்கிலாந்து, வேல்ஸ் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தங்களைக் கிறிஸ்தவர் என்று சொன்னவர்கள் 46.2 சதவிகிதம்தான். பாதிக்குக் கீழே போனது அதுதான் முதல் தடவை. "எங்க ஊர்க் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு பேர்தான் வருவோம், வருடத்தில் இந்த நாலு நாள்தான் எங்களுக்குக் கூட்டம்" என்று எங்களை அழைத்துப் போனவர் சொன்னார். நம் பக்கம் மிஷனரிகளை அனுப்பிய தேசத்தில் இந்த நிலை. விலைவாசியைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஒரு வேளைச் சாப்பாடு 12 பவுண்டு. அப்போது ஒரு பவுண்டு சுமார் 110 ரூபாய். பெருக்கிப் பார்த்துவிட்டு, அக்கா கொண்டுவந்திருந்த அவலும் சர்க்கரையும் போதும் என்று முடிவு செய்தோம்.

எங்களுக்கு ஒதுக்கியது ஒரு சிறிய நாடகக் கூடாரம். சனிக்கிழமை காலை பதினொன்றரை மணி, நாற்பது நிமிடம். வெள்ளிக்கிழமை மதியமே நான் போய் நின்றுவிட்டேன். அன்று 'லிலியன்' புயல். வடக்கே லீட்ஸில் நடந்த வேறொரு இசை விழாவில் சில மேடைகளையே மூடிவிட்டார்கள். எங்கள் பக்கம் பலத்த காற்று மட்டும். கூடாரத் துணி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

அந்தக் கூடாரத்தின் எலக்ட்ரீஷியன் யார் என்று நினைக்கிறீர்கள்? எழுபது வயது இருக்கும் ஒரு பாட்டி! நாடக அரங்குகளில் லைட் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவராம். இங்கே சம்பளம் இல்லாத தொண்டு. இடுப்பில் டூல் பெல்ட், கையில் டெஸ்டர், கழுத்தில் சிலுவை. நான் 'மேடம்' என்றதும் முகத்தைச் சுளித்தார். நான் டிப்ளமோ மாணவன் என்று தெரிந்ததும் முதலில் அவர் சொன்னது இதுதான்: "உங்க ஊரில் கறுப்பு வயர் நியூட்ரல். இங்கே கறுப்பு ஃபேஸ். தொடுவதற்கு முன் அதை மனதில் வை."

நண்பர்களே, இதை நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள், நாளைக்கு வெளிநாட்டில் வேலைக்குப் போகிறவர்கள் நம்மில் பலர். நாம் ஒயரிங் லேபில் படித்தது சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஃபேஸ், கறுப்பு நியூட்ரல். அவர்களும் முன்பு அதே நிறங்களைத்தான் வைத்திருந்தார்கள். நமக்கு வந்ததே அங்கிருந்துதான். 2004-ல் அதை ஐரோப்பாவோடு ஒத்துப்போகும்படி மாற்றத் தொடங்கி, 2006-லிருந்து புது நிறங்களைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். இப்போது பழுப்பு, கறுப்பு, சாம்பல் மூன்றும் ஃபேஸ், நீலம் நியூட்ரல். நமக்கு உயிர் உள்ள நீலம் அங்கே செத்தது, நமக்குச் செத்த கறுப்பு அங்கே உயிரோடு இருக்கிறது. இரண்டும் 230 வோல்ட், இரண்டும் 50 ஹெர்ட்ஸ். நிறம் மட்டும் நேர் எதிர்.

வெளியே டீசல் ஜெனரேட்டர். அதிலிருந்து தடித்த கேபிள் வந்து ஒரு டிஸ்ட்ரிபியூஷன் பெட்டியில் நுழைகிறது. அதிலிருந்து பிரிகிற ஒவ்வொரு இணைப்புக்கும் 30 மில்லி ஆம்பியர் லீக்கேஜிலேயே டிரிப் ஆகிற ஆர்.சி.டி. தனித்தனியாக. எர்த் ராடு அடித்து, ரெசிஸ்டன்ஸ் அளந்து, ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒட்டியிருந்தார் பாட்டி. நான் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் அப்பா வேலை செய்கிற இடங்களில் போஸ்ட் கம்பியில் கொக்கி போட்டு லைன் எடுப்பார்கள். ஈர மணலில் ஒரு கம்பியைச் செருகினால் அது எர்த். அந்தப் பெட்டி மாதிரி ஒன்று இருந்திருந்தால் அப்பா உள்ளங்கையில் அந்தத் தழும்பு இருந்திருக்காது. ஆர்.சி.டி. நம் நாட்டிலும் கடையில் கிடைக்கிறதுதான். மைக் செட்காரனுக்கு அது எதற்கு என்று நினைக்கிறார்கள், அவ்வளவுதான்.

இன்னொரு சந்தோஷம். அங்கே வீடுகளில் உள்ள பிளக் சதுரப் பின் உடையது, உள்ளேயே ஃபியூஸ் இருக்கும். 1947-ல் வந்த தரம் அது. ஆனால் மேடை விளக்குகளைப் பார்த்தால், நம்மூர் 15 ஆம்பியர் உருண்டைப் பின் பிளக்! நம் வீட்டில் கிரைண்டருக்கும் அயர்ன் பாக்ஸுக்கும் இருக்கிற அதே குண்டு பிளக். அது அவர்களுடைய பழைய தரம். வீட்டில் இருந்து ஒழித்தவர்கள் நாடக மேடையில் மட்டும் விடாமல் வைத்திருக்கிறார்கள். காரணமும் பாட்டி சொன்னார். பிளக்குக்குள் ஃபியூஸ் இருந்தால், நாடகம் நடக்கும்போது அது போனால் யார் ஏணி போட்டு உச்சியில் ஏறுவது? பாதுகாப்பு எல்லாம் கீழே டிம்மரிலேயே இருக்கட்டும் என்றுதான். எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு.

சனிக்கிழமை காலை எழுந்தால் மழை. நம்மூர் மழை மாதிரி அடித்துவிட்டு ஓடுகிற மழை இல்லை. பன்னீர் தெளிக்கிற மாதிரி நிற்காமல் பெய்கிறது. பத்து மணிக்குப் பறையைப் பெட்ஷீட்டிலிருந்து எடுத்து அண்ணன் ஒருவர் குச்சியால் தட்டினார். 'தொப்' என்றது. அட்டைப்பெட்டியைத் தட்டின மாதிரி. இன்னொன்றும் அப்படியே. ஈரத்தில் தோல் இளகிவிட்டது!

நம்மூரில் என்றால் இது ஒரு பிரச்சினையே இல்லை. வைக்கோலோ பழைய பேப்பரோ கொளுத்தி, தோலைக் காட்டினால் ஐந்து நிமிடத்தில் முறுக்கேறிவிடும். இங்கே சுற்றிலும் துணிக் கூடாரங்கள், நெருப்பு மூட்ட அனுமதி கிடையாது. "பேசாம பறை இல்லாமலே பாடிருவோம், கீபோர்டு கேட்டா தருவாங்க" என்று ஒருவர் சொன்னார். ஊரில் பெரியவர்கள் கேட்டதும் அதைத்தானே! ஒரு மாதம் சண்டை போட்டு, பெட்டியில் கட்டி, சுங்க அதிகாரியிடம் அவிழ்த்துக் காட்டி, கடைசியில் மழை வந்து அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொல்கிறது. அக்கா பேசாமல் உட்கார்ந்துவிட்டார்.

எனக்குத் தோன்றியது சூடுதானே வேண்டும், நெருப்பா வேண்டும்? மேலே தொங்குகிற விளக்குகளைப் பார்த்தேன். பாதி எல்.இ.டி., அதில் சூடு வராது. ஓரத்தில் பழைய 'பார்-கேன்' விளக்குகள் நான்கு சும்மா கிடந்தன. ஒவ்வொன்றும் 1000 வாட். 230 வோல்ட்டில் 4.3 ஆம்பியர் இழுக்கும், அதில் பெரும்பகுதி வெளிச்சமாக அல்ல, சூடாகத்தான் வெளியே போகும். நாம் எரிசக்திச் சேமிப்புப் பாடத்தில் திட்டித் தீர்த்த அதே டங்ஸ்டன் இழை! பாட்டியிடம் கேட்டேன். என் ஆங்கிலம் அவருக்குப் புரிய இரண்டு நிமிடம் ஆனது. புரிந்ததும் ஒன்றும் கேட்காமல் ஒரு விளக்கைத் தூக்கித் தரையில் ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, குண்டு பிளக்கைச் செருகினார்.

ஆனால் எவ்வளவு தூரத்தில் காட்டுவது? அதிகமானால் தோல் கிழிந்துபோகும். எங்கள் அண்ணன்கள் இருவரும் வைக்கோல் நெருப்புக்குப் பழகியவர்கள், விளக்குக்கு அல்ல. கிழிந்தால் மாற்றுப் பறை கிடையாது. நான் வாட்ஸ்அப்பில் அப்பாவைக் கூப்பிட்டேன். அங்கே மதியம் மூன்று மணி. ஏதோ ஒரு வீட்டு விசேஷத்துக்குக் குழாய் கட்டிக்கொண்டிருந்தார். பின்னால் 'ஹலோ மைக் டெஸ்டிங்' கேட்டது.

விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

"வீடியோவைப் போடு, பாப்போம்" என்றார். போட்டேன். "இன்னும் தள்ளிப் பிடிக்கச் சொல்லு. ஒரு முழம். நடுவுல காட்டாத, ஓரத்துல இருந்து சுத்திக்கிட்டே வா. ஒரே இடத்துல நிக்கப்பிடாது. விரல் முட்டியால தட்டிப் பாரு... இல்ல, இன்னும் வரல... திருப்பு... இப்பத் தட்டு." 'டங்' என்றது. "ம். இதுக்கு மேல காட்டாத. அடிக்கையில தானா ஏறும்."

"எப்பிடிப்பா உங்களுக்கு இதெல்லாம்?" என்று கேட்டேன்.

"எட்டு வயசுல இருந்து தாத்தாவுக்கு வைக்கோல் கொளுத்திப் போட்டது யாருன்னு நெனைக்க? இருட்டுல, சுடுகாட்டுப் பாதையில. சரி சரி, எனக்கு வேலை கெடக்கு, வையி."

பதினெட்டு வருடத்தில் அப்பா அதைப் பற்றி என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

(சயின்ஸ் கேட்பவர்களுக்கு: ஈரம் ஆவியாகத் தோல் சுருங்கும், இழுவிசை கூடும். அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப உயரும். நாலு மடங்கு இழுத்தால்தான் ஸ்வரம் இரு மடங்கு. அதனால்தான் கடைசியில் கொஞ்சம் ஏற்றுவதற்கும் அவ்வளவு நேரம் பிடிக்கிறது.)

நிகழ்ச்சிக்கு எண்பது பேர் வந்திருப்பார்கள். பாட்டி பறைக்கு எந்த மைக் வேண்டும் என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்றேன். மைக் செட்காரர் மகன் 'மைக் வேண்டாம்' என்று சொன்னது இந்த வம்சத்திலேயே முதல் தடவையாக இருக்கும்! பாடுகிறவர்களுக்கு மட்டும் இரண்டு மைக் வைத்தோம். முதல் அடி விழுந்ததும் முன்வரிசையில் ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டு சிரித்தது. இரண்டாவது பாட்டில் வெளியே மழையில் போனவர்கள் உள்ளே வந்து நின்றார்கள். மூன்றாவதில் அண்ணன்கள் அடவு போட்டு ஆட, பின்னால் நாலைந்து பேர் கூடவே ஆடினார்கள். தாளம் தப்புத்தான், பரவாயில்லை. பக்கத்துக் கூடாரத்தில் ஏதோ கருத்தரங்கு. அங்கிருந்து ஒருவர் வந்து, எப்போது முடியும் என்று மிக மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போனார்.

முடிந்த பிறகு நான் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது ஒரு முதியவர் பறையைக் காட்டி, "இது என்ன சமயத்தில் வாசிப்பது?" என்று கேட்டார். அக்கா பக்கத்தில் இல்லை. பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. 'திருவிழாவுக்கு' என்று சொன்னால் முடிந்தது. ஆனால் காலையில் போனில் கேட்ட குரல் காதிலேயே இருந்தது. "சாவு சொல்ல" என்றேன். "என் தாத்தா வாசித்தார்" என்றும் சொன்னேன்.

அவர் தலையாட்டினார். "எங்கள் ஊர்க் கோயில் மணியும் அதற்குத்தான். யாராவது இறந்தால் முன்பெல்லாம் மணி அடித்துத்தான் ஊருக்குச் சொல்வோம். என் அப்பாதான் கயிறு இழுப்பார்" என்றார். அவர் அதை ஒரு பெருமையாகச் சொன்னார்.

இதை நான் அதற்கு முன் யோசித்ததே இல்லை. எங்கள் ஊர்க் கோயில் மணியும் சாவுக்கு அடிக்கும். அதே மணிதான் கலியாணத்துக்கும், கிறிஸ்துமஸுக்கும். சாவுக்கு அடித்ததால் மணிக்குத் தீட்டு என்று யாரும் கோபுரத்திலிருந்து இறக்கி வைக்கவில்லை. கயிறு இழுக்கிறவருக்குப் பழைய சோறு போட்டு வெளியே உட்கார வைத்ததும் இல்லை. இரண்டும் ஒரே சேதியைத்தான் சொல்கின்றன. அப்படியானால் கணக்கில் இடிப்பது வாத்தியம் இல்லை, அடித்த கை.

ஞாயிற்றுக்கிழமை காலை விழாவுக்கு வந்த அத்தனை பேரும் திறந்த வெளியில் கூடி ஒரே ஆராதனை. புல்லில் வட்டம் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் கையிலிருந்து ஒருவர் அப்பத்தைப் பிட்டு வாங்கினோம். எங்கள் வட்டத்தில் எனக்குப் பிட்டுக் கொடுத்தது அந்த எலக்ட்ரீஷியன் பாட்டி. நகக்கண்ணில் இன்சுலேஷன் டேப்பின் கறுப்பு ஒட்டியிருந்தது. அன்று மதியம் கூடாரங்களைப் பிரித்தோம். கிளம்பும்போது பாட்டி எனக்கு ஒரு பழைய டெஸ்டரைக் கொடுத்தார். லேபில் நான் வைத்திருப்பது அதுதான். யாரும் இரவல் கேட்க வேண்டாம்.

ஊருக்கு வந்த மறுநாள் ஒரு பறை எங்கள் வீட்டில்தான் இருந்தது, அண்ணன் பிறகு வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அப்பா வேலை முடிந்து வந்தார். பெட்ஷீட்டை அவரே அவிழ்த்தார். தோலைத் தடவினார், சட்டத்தில் இணைப்பு எப்படி இருக்கிறது என்று பார்த்தார், "வேலை சுத்தமில்ல" என்றார். பிறகு குச்சி இல்லாமல் வெறும் விரலால் மெதுவாகத் தட்டினார். மறுபடி தட்டினார். கொஞ்சம் வேகமாக. நான் அம்மாவைப் பார்த்தேன், அம்மா என்னைப் பார்த்தார்.

அடுத்த வீட்டு அத்தை வேலிக்கு மேலே தலையை நீட்டி, "யாத்தே, யாரு தவறிட்டா?" என்றார்.

"ஒருத்தரும் தவறல" என்றார் அப்பா. "சும்மா அடிக்கேன்."

வரும் அசன விழாவில் கோயில் வளாகத்துக்குள் பறை அடிக்க அனுமதி கேட்டு எங்கள் குழு சபைக் கமிட்டிக்கு மனு கொடுத்திருக்கிறது. கையெழுத்துப் போட்டவர்கள் முப்பத்தொரு பேர். அதில் இருபத்தேழாவது கையெழுத்து அப்பாவுடையது. கமிட்டி இரண்டு முறை கூடி, இரண்டு முறையும் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறது. மலர் அச்சுக்குப் போகிற இந்த வாரம் வரை பதில் வரவில்லை.